கணுக்கால் முடிச்சு: எலும்பு கட்டும் தொழிலின் வரலாறு

தசையின் போர்வை ஏறக்குறைய இல்லாமல் தோலுக்கு அடியிலேயே எலும்பு நின்றுவிடும் இடங்கள் மனித உடலில் சிலவே. அவற்றுள் ஒன்றாகிய கணுக்கால், முழு உடலின் எடையையும் தாங்கிக்கொண்டு மேடு பள்ளம் அனைத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டிய மூட்டாகவும் இருப்பதால், பிசகுவதிலும் முறிவதிலும் முந்திக்கொள்கிறது. பரடு என்றும் கரண்டை என்றும் வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறும் இந்த இடத்தில், தொடையிலோ தோளிலோ எழுந்தால் கவனத்துக்கே வராத அளவுடைய ஒரு தடிப்பு கூட உடனே கண்ணில் படும். செருப்பின் வாரில் உரசும். வலி தணிந்து, நடை திரும்பி, கறுத்த தோல் பழைய நிறத்துக்கு வந்த பின்னும் கரையாமல் நிற்கும் அந்த முடிச்சு, எலும்பு சரியாகக் கூடவில்லையோ, உள்ளே வேறு ஏதேனும் வளர்கிறதோ என்ற அச்சத்தை அடிபட்டவருக்கு உண்டாக்குவது இயல்பு. அந்த அச்சத்துக்குக் கையால் தொட்டு விடை சொல்வதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்டவர்கள் உலகின் பல பகுதிகளில் இருந்தனர்; அவர்கள் எலும்பு கட்டுவோர் எனப்பட்டனர். முறிந்ததைச் சேர்ப்பதில் அவர்களுக்கு இருந்த திறமை பற்றி ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. சேர்ந்த பின் எஞ்சி நிற்கும் முடிச்சை அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதும் அதே அளவுக்குக் கவனிக்கத்தக்கது.

இந்திய மருத்துவ நூல்கள் இந்த முடிச்சைத் தனிப் பெயரிட்டே அறிந்திருந்தன. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம், கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்று கருதப்படுவது, உடலில் தோன்றும் முடிச்சுகளைக் கிரந்தி என்னும் தலைப்பின் கீழ் 9 வகையாகப் பிரிக்கிறது. வளி, அழல், ஐயம் என்னும் மூன்று குற்றங்களால் வருபவை போக, குருதி, தசை, கொழுப்பு, எலும்பு, நாளம், புண் ஆகியவற்றைச் சார்ந்தும் கிரந்திகள் உண்டு என்பது அந்தப் பகுப்பு. அவற்றுள் எலும்பைச் சார்ந்த அஸ்திகிரந்தி என்பது, எலும்பு முறிந்ததாலோ அடிபட்டதாலோ ஓரிடம் மேடாகவோ பள்ளமாகவோ நின்றுவிடும் நிலை என்று அந்நூல் வரையறுக்கிறது. அடிக்குப் பின் நிற்கும் தடிப்பைத் தானாக முளைக்கும் கட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டவேண்டும் என்ற தெளிவு, ஊடுகதிரோ உடற்கூற்றுப் படமோ இல்லாத காலத்தில், விரல் நுனியை மட்டும் கருவியாகக் கொண்டு எட்டப்பட்டது என்பதை எண்ணும்போது அதன் அருமை விளங்கும். கிரந்தி என்ற இதே சொல் தமிழ்ப் பேச்சில் பின்னாளில் தோலில் எழும் கொப்புளங்களுக்கும் மேகப் புண்ணுக்கும் பெயராகிப் பொருள் திரிந்ததால், முடிச்சு என்ற அதன் முதற்பொருள் மறைந்துவிட்டது.

வாக்படருக்கு முந்திய சுஸ்ருத சங்கிதை, எலும்பின் சேதத்தை இரண்டாகப் பிரித்தது. மூட்டு நழுவுவது சந்திமுக்தம் எனப்பட்டு 6 வகையாகவும், எலும்பே முறிவது காண்டபக்னம் எனப்பட்டு 12 வகையாகவும் விரிக்கப்பட்டது. சிகிச்சையும் ஓர் ஒழுங்கில் அமைந்தது: முதலில் இழுத்தல், பிறகு அழுத்தி நிலைக்குக் கொண்டுவருதல், பிறகு முறிந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்துதல், இறுதியில் கட்டுதல். அத்தி, அரசு, ஆல், மருது போன்ற மரங்களின் பட்டைகளும் மூங்கிலும் சிம்பாக, அதாவது முறிந்த உறுப்பை அசையாமல் தாங்கும் பத்தையாக, வைக்கப்பட்டன. குளிர் காலத்தில் 7 நாளுக்கு ஒருமுறையும், மிதமான பருவத்தில் 5 நாளுக்கு ஒருமுறையும், வெயில் காலத்தில் 3 நாளுக்கு ஒருமுறையும் கட்டை அவிழ்த்து மாற்றவேண்டும் என்ற விதி, வியர்வையும் வீக்கமும் கட்டுக்குள் என்ன செய்யும் என்பதைக் கண்டவர்கள் எழுதிய விதி. இளையோருக்கு ஒரு மாதத்திலும், நடுவயதினருக்கு இரண்டு மாதங்களிலும், முதியோருக்கு மூன்று மாதங்களிலும் எலும்பு உறுதிப்படும் என்ற கணக்கும் அதே நூலில் உண்டு. கட்டு மிகத் தளர்ந்தால் மூட்டு நிலைபெறாது, மிக இறுகினால் தோல் வீங்கி வலித்துச் சீழ் பிடிக்கும் என்ற எச்சரிக்கை எல்லாவற்றையும்விட முக்கியமானது; இந்தத் தொழில் பின்னாளில் சந்தித்த பழிகளில் பெரும்பாலானவை அந்த ஓர் எச்சரிக்கையை மறந்ததால் வந்தவை. எலும்பு கோணலாகவும் புடைத்தும் கூடிவிட்டால் அதை மீண்டும் முறித்து நேராக்கிப் புதிய முறிவுக்குச் செய்வதையே செய்யவேண்டும் என்றும் சுஸ்ருதர் சொல்கிறார். எனவே முடிச்சுகளுள் விட்டுவிடத்தக்கதும் உண்டு, மறுபடி கைவைக்க வேண்டியதும் உண்டு என்ற வேறுபாடு அன்றே அறியப்பட்டிருந்தது.

தமிழகத்தின் சித்த மருத்துவம் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகவும் வெளியே செய்யும் சிகிச்சைகளை 32 வகையாகவும் எண்ணுகிறது. புற மருந்துகளின் அந்த வரிசையில், இலைகளையோ மருந்துகளையோ வைத்துத் துணியால் சுற்றும் கட்டு, அரைத்துக் குழைத்துப் பூசும் பற்று, சூடான பொட்டலத்தால் ஒற்றி எடுக்கும் ஒற்றடம், முறைப்படி பிடித்தும் அழுத்தியும் விடும் தொக்கணம், பிறழ்ந்து நிற்கும் எலும்பை நிலைக்குக் கொண்டுவரும் முறிச்சல் ஆகிய அனைத்தும் இடம்பெறுகின்றன. அடிபட்ட ஒரு கணுக்காலுக்கு இந்த ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்படக்கூடியவை. தென்கோடியில், 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், இக்கலை வர்மத்தோடு பின்னிப் பிணைந்து வளர்ந்தது. வர்மம் என்பது அடிபட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ ஊறு நேரும் உடற்புள்ளிகளைப் பற்றிய அறிவு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 புள்ளிகள் அதில் எண்ணப்படுகின்றன. சிலம்பமும் அடிமுறையும் கற்றுத்தந்த ஆசானே, களத்தில் கால் பிசகி விழுந்த மாணவனுக்குக் கட்டும் போட்டார். அடிக்கும் கையும் ஆற்றும் கையும் ஒன்றாகவே இருந்தமையால், எந்த வீச்சில் எந்த எலும்பு எப்படி விலகும் என்ற அறிவு அவரிடம் இயல்பாகவே சேர்ந்தது. ஒடிவு, முறிவு என்னும் சொற்களைத் தலைப்பிலேயே தாங்கிய சுவடிகள் அந்த மரபில் ஆசானிடமிருந்து மாணவனுக்குக் கைமாறின. யாழ்ப்பாணத்தில் இதே தொழில் முறிவு நெரிவு வைத்தியம் என்று பெயர் பெற்றிருக்கிறது. முறிந்தது ஒருபுறம், முறியாமல் நெரிந்தது மறுபுறம் என்று நோயின் இரு கிளைகளையும் சேர்த்துச் சொல்லும் அந்தப் பெயர் சாலப் பொருத்தமானது.

வைத்தியரிடம் போவதற்கு முன் வீட்டில் நடந்தவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. கால் பிசகிய சில நாழிகைக்குள் வெளிப்பரட்டின் மேல் அரை முட்டையைக் கவிழ்த்தது போல எழும் வீக்கத்தை இரத்தக்கட்டு என்று மக்கள் சரியாகவே அழைத்தனர். கிழிந்த சிறு நாளங்களிலிருந்து கசிந்த குருதி தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தேங்குவதால் ஏற்படுவதே அது. புளியும் உப்பும் மஞ்சளும் கூட்டிக் கொதிக்கவைத்து இளஞ்சூட்டில் போடும் பற்று, கற்றாழைச் சாற்றை உலர்த்திக் கறுத்த கட்டியாக்கிய மூசாம்பரத்தை உரைத்துப் போடும் பற்று, நொச்சி இலை ஒற்றடம் ஆகியவை அடுக்களைக்கும் நாட்டுமருந்துக் கடைக்கும் இடையே வழங்கிய சிகிச்சைகள். எலும்பை ஒட்டவைக்கும் கொடி என்று வடமொழியிலும் பெயர் பெற்ற பிரண்டை, துவையலாகவும் மருந்தாகவும் உண்ணப்பட்டது. காலை முன்னிட்டுப் பிறந்தவர் தம் காலால் நீவினாலோ மெல்ல மிதித்தாலோ சுளுக்கு விலகும் என்ற நம்பிக்கையும் ஊர்தோறும் இருந்தது. மருத்துவப் பயனற்றதாயினும், அடிபட்டவருக்கு உடனே ஒருவர் வந்து கவனிக்கிறார் என்ற ஆறுதலை அது கொடுத்திருக்கக்கூடும் என்பதால் இகழத்தக்கதன்று.

இந்த மரபின் தொடர்ச்சியாகத் தமிழகத்தில் இன்றும் பெயர் நிலைத்திருப்பது புத்தூர்க் கட்டு. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில், திருத்தணிக்கு அப்பால், ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்தில் உள்ள புத்தூரை ஒட்டி, ராஜு குடும்பத்தினர் தலைமுறைகளாக எலும்பு கட்டி வருகின்றனர். அப்பகுதி முழுவதும் சென்னை மாகாணத்தின் உறுப்பாக இருந்ததும், மாநில எல்லை திருத்தப்பட்டு 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் நினைவில் கொள்ளத்தக்கவை. புத்தூருக்குப் போன தமிழர் அயல்நாட்டுக்குப் போவதாகக் கருதவில்லை. பச்சிலை அரைப்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துத் தடவி, மூங்கில் தப்பைகளை, அதாவது பிளந்து சீவிய பத்தைகளை, உறுப்பைச் சுற்றி வரிசையாக அடுக்கித் துணியால் இறுக்கும் அந்தக் கட்டு, சுஸ்ருதரின் சிம்பிலிருந்து அதிக தூரம் விலகியதன்று. வெள்ளைக்கரு உலரும்போது துணியோடு இறுகி ஓடு போல் ஆகிவிடுவதால், அது பசையாகவும் வார்ப்பாகவும் ஒருங்கே பயன்பட்டது. தமிழகத்து ஊர்கள் பலவற்றில் புத்தூர்க் கட்டு என்று எழுதிய பலகைகள் தொங்குவதைக் காணலாம். ஆனால் பலகையில் உள்ள ஊர்ப்பெயரைக் கொண்டே கட்டுபவரின் பயிற்சியை முடிவுசெய்ய இயலாது. ஐரோப்பாவில் 1852ஆம் ஆண்டு டச்சு இராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மத்தேய்சன் ஜிப்சம் தூளைத் துணியில் தேய்த்து நீரில் நனைத்துச் சுற்றும் முறையை வெளியிட்டு, அது பின்னர் உலகெங்கும் பரவியபோது, உளுந்து மாவையும் வெள்ளைக்கருவையும் குழைத்துக் கட்டுவதை அறிந்திருந்த தமிழ் மக்கள் அந்தப் புதிய வெள்ளைக் கட்டை மாவுக்கட்டு என்றே அழைத்தனர்.

முறிந்த எலும்பு ஒட்டும்போது ஏன் புடைக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்த கதை, சாயத்தொட்டியில் தொடங்குகிறது. இலண்டனின் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர், துணியில் அச்சிடும் சாயத்தொழிலாளர் ஒருவர் வீட்டில் உண்ட பன்றி இறைச்சியின் எலும்புகள் சிவந்திருப்பதைக் கண்டு, மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த சாயவேரில் தோய்ந்த தவிட்டை அந்தப் பன்றிகள் தின்றதே காரணம் என்று அறிந்து, 1736இல் அதை வெளியிட்டார். அவர் உண்ட வீட்டின் தொழில், கோழிக்கோட்டின் பெயரால் காலிக்கோ என்று ஐரோப்பாவில் வழங்கிய பருத்தித் துணியில் அச்சிடுவதாகும். பிரான்சின் தாவரவியல் அறிஞர் துஹாமெல் து மோன்சோ அந்தச் செய்தியைப் பற்றிக்கொண்டு, விலங்குகளுக்குச் சாயவேரைச் சில காலம் கொடுத்தும் சில காலம் நிறுத்தியும் பார்த்தபோது, எலும்பில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அடுக்குகளாகப் படிவதைக் கண்டார். மரத்தில் பட்டைக்கு அடியிலிருந்து புதிய வளையம் சேர்வது போல, எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்தே புதிய எலும்பு உருவாகிறது என்று 1740களில் அவர் நிறுவினார். முறிந்த இடத்தைச் சுற்றி மோதிரம் போல் திரளும் தடிப்பும் அந்த உறையின் வேலையே என்பது அவருடைய ஆய்வின் ஒரு பகுதி. இன்று காலஸ் என்று மருத்துவர் சொல்லும் அந்தத் தடிப்பில், முதலில் உறைந்த குருதியும், ஓரிரு வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்திசுவும், பின்னர் சுண்ணாம்பு ஏறிய கெட்டி எலும்பும் படிப்படியாக இடம்பிடிக்கின்றன. தேவைக்கு மேல் கொட்டிக் கட்டிய இந்தப் பூச்சை உடலே பல மாதங்களில், சில வேளை ஆண்டுகளில், செதுக்கிச் சீராக்குகிறது. கணுக்காலில் தசை மூடாததால், அந்தச் செதுக்கல் முடியும்வரை அது வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். அஸ்திகிரந்தி என்று வாக்படர் பெயரிட்ட மேட்டின் உள்ளே நடப்பது, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஒரு விருந்து மேசையின் சிவந்த எலும்பினால் இவ்வாறு தெரியவந்தது.

எல்லா முடிச்சும் எலும்பன்று. மூட்டின் உறையிலிருந்தோ நரம்பு என்று மக்கள் சொல்லும் தசைநாணின் உறையிலிருந்தோ பிதுங்கி, பாகு போன்ற நீர் நிறைந்து, விரலுக்கு அடியில் இரப்பர்ப் பந்து போல் அழுந்தும் நீர்க்கட்டி, காங்கிலியன் என்ற கிரேக்கப் பெயரோடு பண்டைய மருத்துவ நூல்களிலேயே காணப்படுகிறது. அதற்கு ஐரோப்பாவில் செய்யப்பட்ட சிகிச்சைகள் வியப்பூட்டுபவை. 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லோரென்ஸ் ஹைஸ்டர், காலை எழுந்ததும் வாயில் ஊறும் எச்சிலால் கட்டியைத் தேய்த்து, அதன் மேல் ஈயத்தகடு ஒன்றை வைத்துப் பல நாள் கட்டிவைக்கலாம் என்று எழுதினார். விலங்கைக் கொன்ற தோட்டாவின் ஈயமே சிறந்தது என்று சிலர் நம்பியதையும் குறித்தார். கனத்த புத்தகத்தால் ஓங்கி அடித்துக் கட்டியை உடைக்கும் வழக்கமும் இருந்தது. வீட்டில் இருக்கும் கனத்த புத்தகம் பெரும்பாலும் விவிலியமே என்பதால் ஆங்கில நாட்டில் இந்தக் கட்டிக்கு விவிலியக் கட்டி என்ற பெயரே நிலைத்தது. அடியால் வந்த முடிச்சை இன்னோர் அடியால் போக்க முனைந்த அந்த முறை எலும்பையும் சேர்த்து உடைத்துவிடக் கூடியது. அது கைவிடப்பட்டது நன்று.

இங்கிலாந்திலும் எலும்பு கட்டுவது பட்டம் பெறாதவர்களின் குடும்பத் தொழிலாகவே நெடுங்காலம் இருந்தது. எப்ஸம் ஊரின் சாரா மாப் என்ற பெண், தந்தையிடம் கற்ற இத்தொழிலால் 1736இல் இலண்டன் முழுவதும் பேசப்பட்டார். ஓவியர் ஹோகார்த் அதே ஆண்டில் மருத்துவர் கூட்டத்தைக் கேலி செய்து வெளியிட்ட படத்தில், கையில் எலும்பு ஒன்றோடு மேலே நடுவில் நிற்பவர் அவரே. மறு ஆண்டே அவர் வறுமையில் இறந்தார். பட்டம் பெற்ற மருத்துவர் தரப்பில், பர்சிவல் பாட் கணுக்காலின் வரலாற்றில் தவிர்க்க இயலாதவர். 1756இல் இலண்டன் பழைய கென்ட் சாலையில் குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு தோலைக் கிழித்து வெளிவர முறிந்தபோது, கண்டபடி தூக்கினால் சேதம் பெருகும் என்று அறிந்த அவர், குளிரில் தரையிலேயே கிடந்தபடி ஒரு கதவை விலைக்கு வாங்கி, பல்லக்குத் தூக்குவோரின் கழிகளை அதில் ஆணியடித்துப் பொருத்தச் செய்து, அதன் மேல் தம்மை வீட்டுக்குச் சுமக்கவைத்தார். காலை வெட்டி எடுக்க எல்லாம் ஆயத்தமான வேளையில் அவருடைய ஆசிரியர் வந்து தடுத்ததால் கால் தப்பியது. பின்னர் 1760களின் இறுதியில் அவர் எழுதிய முறிவுகள் பற்றிய நூலில் விளக்கிய கணுக்கால் முறிவு ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அது அவருடைய சொந்தக் காலில் நேர்ந்த முறிவே என்று பலர் எழுதுவது பிழை.

இருதரப்புக்கும் இடையே நேர்மையான உரையாடல் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1867இல் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட், எலும்பு கட்டுவோர் குணப்படுத்தும் நோயாளிகளைப் பற்றித் தம் சக மருத்துவர்களுக்கு ஒரு விரிவுரை ஆற்றினார். எந்த நோவுக்கும் எலும்பு விலகிவிட்டது என்றே அவர்கள் சொல்வது தவறு என்பதையும், ஆயினும் அசைக்காமல் கட்டிப்போட்டே மருத்துவர்கள் விறைக்கவைத்த மூட்டுகளை அவர்கள் அசைத்து விடுவிப்பது உண்மை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1871இல் வார்ட்டன் ஹூட் என்னும் மருத்துவர், ரிச்சர்ட் ஹட்டன் என்ற எலும்பு கட்டுபவரின் அருகில் இருந்து கற்றவற்றை வெளியிட்டார். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் தலைமுறைகளாக எலும்பு கட்டிய தாமஸ் குடும்பத்தில் பிறந்த ஹியூ ஓவன் தாமஸ், மருத்துவப் பட்டமும் பெற்று, லிவர்பூலில் ஏழைகளுக்கு ஞாயிறுதோறும் இலவசமாகச் சிகிச்சை அளித்தார். அவர் அமைத்த காற்சிம்பு, முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த படைவீரரின் இறப்பை வெகுவாகக் குறைத்தது. அந்தச் சிம்பைப் போர்முனைக்குக் கொண்டு சேர்த்தவர் அவரிடமே பயின்ற ராபர்ட் ஜோன்ஸ்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8ஆம் நாள் ரோன்ட்கன் ஊடுகதிரைக் கண்ட சில மாதங்களுக்குள், அதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியவர்களுள் இதே ஜோன்ஸ் ஒருவர். 1902இல் அவர் வெளியிட்ட கட்டுரை கணுக்கால் முடிச்சின் வரலாற்றில் தனி இடம் பெறவேண்டும். கூடாரக் கம்பத்தைச் சுற்றி நடனம் ஆடும்போது அவருடைய பாதம் உட்புறமாகப் புரண்டு, வெளி விளிம்பில் ஏதோ அறுந்தது போல் இருந்தது. தசைநாண் கிழிந்துவிட்டது என்றே அவரும் முதலில் கருதினார். எலும்பு கட்டுவோர் மரபில் ஊறிய, அந்த நாட்டிலேயே தலைசிறந்த விரல்களுக்குச் சொந்தக்காரர் தம் காலைத் தாமே தடவிப் பார்த்தும் தெரியாத உண்மையை ஊடுகதிர்ப் படம் காட்டியது: சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள ஐந்தாம் பாத எலும்பு, அடிப்பகுதிக்கு அருகில் முறிந்திருந்தது. கால் பிசகியது என்று நினைத்துக்கொண்டு பலர் நடந்து திரியும் அந்த முறிவுக்கு இன்று ஜோன்ஸ் முறிவு என்றே பெயர்.

இந்தியாவுக்கு ஊடுகதிர் போர் வழியே வந்தது. 1897இல் வடமேற்கு எல்லையில் நடந்த திராப் படையெடுப்பில், வால்டர் பீவர் என்ற இராணுவ மருத்துவர் ஊடுகதிர்க் கருவியை மலைப்பாதைகளில் சுமந்து சென்று, உடலில் தங்கிய குண்டுகளையும் முறிவுகளையும் படமெடுத்தார். சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையைச் சார்ந்து 1934இல் தொடங்கப்பட்ட கதிரியக்க நிலையம், அதை உருவாக்கிய பர்னார்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் நகரத்து மருத்துவமனையின் படத்தட்டுக்கும் சிற்றூரின் மூங்கில் தப்பைக்கும் இடையே இருந்த தொலைவு மிகப் பெரிது. பேருந்துக் கட்டணமும், இழந்த நாட்கூலியும், புரியாத மொழியில் இரண்டு நிமிடத்தில் முடியும் பதிலும் அந்தத் தொலைவைக் கூட்டின. கட்டுபவரோ காலைத் தம் மடிமேல் எடுத்துவைத்து, முடிச்சைச் சுற்றி விரலை ஓட்டி, இது ஒட்டிய எலும்பின் தடிப்பு, போகப்போகக் கரையும் என்று நோயாளியின் மொழியிலேயே சொன்னார். பெரும்பாலான வேளைகளில் அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது. தொழில் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

பொய்த்துப்போன வேளைகளையும் மறைக்கலாகாது. அளவுக்கு மீறி இறுகிய கட்டினால் குருதியோட்டம் நின்று, விரல்கள் கறுத்து, காலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் இறுகிய கட்டினால் தசை சுருங்கி உறுப்பு முடங்குவதை விவரித்தபோது, பட்டம் பெற்ற மருத்துவர்களின் கட்டுகளும் அந்தப் பழிக்கு உட்பட்டவையே என்று தெரிந்தது. இதைவிடக் கொடியது, எலும்பில் தோன்றும் புற்றுக் கட்டியை அடியால் வந்த முடிச்சு என்று எண்ணி எண்ணெய் இட்டு மாதக்கணக்கில் உருவிவிடுவது. அடி அத்தகைய கட்டியை உண்டாக்குவதில்லை. முன்பே அங்கிருந்த ஒன்றின் மேல் கையையும் கண்ணையும் திருப்பிவிடுவதே அடியின் வேலை. மிக அரிதான இந்த நிலையைத் தொட்டுப் பார்த்து மட்டும் பிரித்தறிய எந்த ஆசானாலும் இயலாது.

விரலின் அறிவு முற்றாகத் தள்ளப்பட்டதும் இல்லை. அடிபட்ட கணுக்காலோடு வந்தவர் ஏறக்குறைய அனைவருக்கும் ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்டும், அவர்களுள் 15 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே முறிவு இருந்ததைக் கண்டு, கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர் இயன் ஸ்டீலும் அவருடைய குழுவினரும் 1992இல் ஒரு விதியை வகுத்தனர். உள்பரடு, வெளிப்பரடு ஆகியவற்றின் பின்விளிம்பை நுனியிலிருந்து மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் வரையிலும், பாதத்தில் உட்புறத்துப் படகெலும்பையும், ஜோன்ஸுக்கு முறிந்த அதே ஐந்தாம் பாத எலும்பின் அடியையும் விரலால் அழுத்த வேண்டும். எலும்பிலேயே வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் மருத்துவர் முன்னிலையிலும் 4 அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலோ படம் எடுக்கவேண்டும். இல்லையெனில் பொதுவாகத் தேவையில்லை. உலகின் அவசரப் பிரிவுகள் பலவற்றில் இன்று கடைப்பிடிக்கப்படும் இந்த விதி, எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு விரலை நகர்த்திய ஆசானின் முறையை அளந்து, சோதித்து, எழுதிவைத்ததே ஆகும்.

கணுக்காலில் அடிபட்ட பின் நிற்கும் முடிச்சு மாதத்துக்கு மாதம் சிறுத்து வருமானால் அதை அதன் போக்கில் விடலாம். ஆறு வாரம் கடந்தும் பெருத்துக்கொண்டே போனாலோ, படுத்திருக்கும் இரவு நேரத்தில் வலித்தாலோ, தோல் சிவந்து சூடேறினாலோ, விரல் நுனி மரத்தாலோ, அந்தக் காலை யாரும் உருவிவிடுவதற்கு முன் ஊடுகதிர்ப் படம் எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டவேண்டும்.